மழையில்லாத நாளில் நிரம்பிய மழைமானி

எங்கள் தோட்டத்து ஃபெக்டரிப் பலகையில் இருக்கும் பெயர் ஸ்கொட்லாந்தில் உள்ள ஏதோ ஒரு கிராமத்தின் பெயராம். முதன்முதல் இந்த மலையில் தேயிலை வைத்த துரைக்குச் சொந்த ஊர் நினைப்பு வந்திருக்கிறது, அந்தப் பெயரை வைத்துவிட்டார். அதைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்தவர் இன்று தோட்டத்தில் ஒருவரும் இல்லை, இப்போதைய துரை உட்பட. ஆகவே நானும் சந்திக்கடை நானாவும் இத்தனை காலம் துப்பறிந்ததெல்லாம் ஸ்கொட்லாந்தில்தான் என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். இலங்கை மலையகத்தில், ஹல்துமுல்லைக்கு மேலே, அட்டை கடிக்கிற ஸ்கொட்லாந்து.

எங்களைத் துப்பறியும்படி யாரும் கேட்கவில்லை. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். ஐம்பதைத் தாண்டியவள், கல்யாணம் கட்டாதவள், ஒல்லி, கோபக்காரி. யாராவது காலை வணக்கம் சொன்னால்கூட ஏன் சொல்கிறார் என்று யோசிக்கிற பிறவி. நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) தோட்டத்து ரோடு மெயின் ரோட்டில் ஏறுகிற சந்தியில் கடை வைத்திருக்கிறார். பருத்த உடம்பு, எல்லாருக்கும் ஒரு சிரிப்பு. யார் எதைச் சொன்னாலும் "மெய்தான்" என்று நம்பிவிடுவார். நம்பிய கையோடு வேறு யாரையாவது சந்தேகப்படவும் தொடங்குவார். அவர் இதுவரை சந்தேகப்பட்டவர்கள் எல்லாரும் ஓட்டுப் போட்டால் அவர் பிரதேச சபைக்கே போய்விடலாம்.

பள்ளிக்கூடச் சுவர்க்கடிகாரம் காணாமல் போனபோதுதான் நாங்கள் கூட்டுச் சேர்ந்தோம். நானா பதுளை பஸ் கண்டக்டரைச் சந்தேகப்பட்டார். நான் பள்ளிக்கூட அதிபர் வீட்டுக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டு போய் பிளேன்டீ குடித்தேன். கடிகாரம் அங்கே சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. பழுதுபார்க்க எடுத்துவந்தாராம். அந்தப் பழுது இன்றுவரை முடியவில்லை. ஆனாலும் வழக்கு முடிந்தது என்று நானா கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லி, எங்களுக்குத் தோட்டம் முழுக்க ஒரு பெயர் வாங்கிக்கொடுத்துவிட்டார்.

இப்போது மழைமானிக்கு வருகிறேன்.

மீரியபெத்தையில் மலை சரிந்து தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு, எங்கள் பக்கத்து மலைகளுக்கெல்லாம் திடீரென்று மரியாதை கிடைத்தது. மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள், மலையைப் பார்த்தார்கள், மலையோடு நின்று படம் எடுத்தார்கள். எங்கள் லயங்கள் ஆபத்தான இடத்தில் இருக்கின்றன என்று கண்டுபிடித்தார்கள். பாதுகாப்பான இடத்தில் புது வீடு கட்டித் தருவதாகச் சொன்னார்கள். வீடு வரும்வரைக்கும் இது இருக்கட்டும் என்று ஒரு மழைமானியைக் கொடுத்தார்கள். வீடு இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

மழைமானி என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. லயத்துக்கு முன்னால் ஒரு கம்பம், அதன் மேல் ஒரு போத்தல், போத்தலில் சிவப்புக் கோடு. மழைத் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டால், வயர் வழியாக வீட்டுக்குள் இருக்கும் ஒரு பெட்டி கத்தும். பெட்டி கத்தினால் கோயில் ஸ்பீக்கரில் அறிவித்து, எல்லாரும் பாயும் பிள்ளையுமாகப் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்துவிட வேண்டும். விடியும் வரை அங்கேதான் படுக்கை. பயிற்சி கொடுத்த அதிகாரி ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். வானத்தைப் பார்க்காதீர்கள், பெட்டி கத்தினால் வந்துவிடுங்கள் என்றார். எங்கள் சனம் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது.

பெட்டியைப் பொறுப்பெடுத்தவர் ஓய்வுபெற்ற கங்காணி. லயத்து முதல் வீடு, முதல் காம்பரா, அவருடையது. கொழுந்து பறிக்கிற பெண்களை அதட்டியே வயதான மனிதர். ஓய்வுக்குப் பிறகு அதட்ட ஆளில்லாமல் வாடிப்போயிருந்தவருக்குப் பெட்டி கிடைத்ததும் உயிர் வந்துவிட்டது. அதை முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, வெள்ளிக்கிழமை தோறும் பொட்டு வைத்தார். கோயில் கமிட்டியிலும் அவர்தான் தலைவர் என்பதால் ஸ்பீக்கரும் அவர் கையில்தான். மலையே தன் உத்தரவைக் கேட்டுத்தான் சரியும் என்கிற மாதிரி நடந்துகொண்டார்.

எல்லாவற்றையும் கிண்டல் பண்ணுகிற நான், அந்தப் பெட்டியை மட்டும் கிண்டல் பண்ணியதில்லை. என்னோடு பயிற்சிக் கல்லூரியில் படித்த ஒருத்தியின் வீட்டார் மீரியபெத்தை மண்ணுக்குள் போனார்கள். அங்கே யார் வீட்டிலும் பெட்டி கத்தவில்லை. அதனால் எங்கள் பெட்டி ஒழுங்காகக் கத்த வேண்டும் என்பதில் எனக்குப் பைத்தியம் மாதிரி ஒரு பிடிவாதம் இருந்தது.

பெட்டி கத்தத்தான் செய்தது. சிக்கல் என்னவென்றால், மழை பெய்யாத நாளிலும் கத்தியது.

முதல் தடவை மூடுபனி இருந்தது, அதனால் யாரும் யோசிக்கவில்லை. அடுத்த தடவை வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் வானத்தைப் பார்க்கக் கூடாதல்லவா, பார்க்காமலே வந்து படுத்தார்கள். காலையில் கங்காணி போத்தலைக் கொண்டுவந்து காட்டினார். சிவப்புக் கோட்டுக்கு மேலே தண்ணீர். பக்கத்தில் செத்தல் மிளகாய் காயப்போட்டிருந்த சாக்கு, அந்தச் சாக்கில் ஒரு சொட்டு ஈரமில்லை. இப்படியே மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை நடக்க ஆரம்பித்தது.

ஒவ்வொரு தடவையும் என் வகுப்பறை நாசமானது. நான் ஒட்டிவைத்த வாய்பாட்டு அட்டைகளில் குழந்தைகள் மூக்கைத் துடைத்தார்கள். மறுநாள் பாடம் நடத்தினால் பாதி வகுப்பு தூங்கி விழும். ஆண்கள் சிலர் வர மறுக்கத் தொடங்கினார்கள். "போங்க டீச்சர், நெசமா மழ பேஞ்சா பாத்துக்கலாம்" என்று ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னான். கச்சேரி அதிகாரியும் வந்து, இன்னொரு தடவை பொய்யாக அடித்தால் மழைமானியைக் கழற்றி வேறு தோட்டத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதற்கிடையில் லயத்து ஆண்கள் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நானாதான். பெட்டி கத்துகிற அன்று பாண் ரொட்டியும் மெழுகுதிரியும் பிஸ்கட்டும் நானா கடையில்தான் விற்கிறது, ஆகவே நானாதான் தண்ணீர் ஊற்றுகிறார் என்று சாராயத் தவறணையில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். இதை அதிகம் பரப்பியவர் கங்காணி.

நானா என்னிடம் வந்தபோது முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"டீச்சர், என்ட வாப்பா காலத்துல இருந்து இந்தச் சந்தியில கடை இரிக்கி. வெள்ளம் வந்தாலும் கடைய மூடாத மனிசர் அவர். என்னப் போய் இப்பிடிச் செல்றாங்களே."

"நீங்க ஊத்தலன்னு எனக்குத் தெரியும் நானா" என்றேன்.

"எப்பிடித் தெரியும்?"

"அந்தக் கம்பத்துக்கு ஏறணும்னா நாலு படி ஏறணும். நீங்க ஏற மாட்டீங்க."

கொஞ்சம் யோசித்து, "மெய்தான்" என்று ஒத்துக்கொண்டார்.

விசாரணை கங்காணி வீட்டில் தொடங்கியது. அவர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. அவர் மனைவி மட்டும் உள்ளேயிருந்து இரண்டு பிளேன்டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனார். மெல்லிய மனுஷி. காலைப் பெரட்டில் பெயர் சொல்லி வேலைக்கு ஆள் கூப்பிடுகிற குரலில் கங்காணி பேசினார். ஊற்றியவனைக் கண்டுபிடித்தால் கோயில் முன்னால் நிற்கவைத்துக் காலை உடைப்பாராம். நானா போத்தலில் மிஞ்சியிருந்த தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். எனக்குக் குமட்டியது.

"இது வானத்துத் தண்ணி இல்ல. பீலித் தண்ணி. பாசி வாசம் அடிக்கிது" என்றார்.

பீலி என்பது மலையிலிருந்து வருகிற தண்ணீரைக் குழாய் வைத்து இறக்கியிருக்கும் இடம். லயம் முழுக்க அங்கேதான் குடம் நிரப்பும். கம்பத்தைத் தாண்டித்தான் எல்லாரும் போக வேண்டும். ஆக, சந்தேகத்துக்குரியவர்கள் யார் என்றால் தோட்டத்தில் தண்ணீர் குடிக்கிற எல்லாரும். துப்பு துலங்கிவிட்டது என்று நானா பூரித்துப்போனார்.

உருப்படியான துப்பை நான்தான் பிடித்தேன், அதையும் தப்பாகப் பிடித்தேன். பெட்டி பொய்யாகக் கத்திய நாட்களை யோசித்துப் பார்த்தால் எல்லாமே சம்பள நாள், இல்லாவிட்டால் அட்வான்ஸ் கொடுக்கிற நாள். நானா மேசையில் ஓங்கித் தட்டினார்.

"கள்ளன்! சம்பளம் எடுத்த அண்டைக்கு எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு, காலி லயத்துல புகுந்து களவெடுக்கப் பாக்கிறான்!"

அருமையான விளக்கம். எந்த வீட்டிலும் ஒன்றும் களவு போகவில்லை என்பது மட்டும்தான் குறை. அதையும் நான் எடுத்துச் சொன்னேன். கள்ளனுக்கு இன்னும் சரியான சந்தர்ப்பம் அமையவில்லை என்று நானா பதில் சொன்னார். வேறு விளக்கம் என்னிடமும் இல்லாததால், படித்த முட்டாளும் படிக்காத முட்டாளுமாகக் கள்ளனைப் பிடிக்கக் கிளம்பினோம்.

இன்னொரு சங்கதியும் என் கண்ணில் பட்டிருந்தது, நான்தான் அதைப் பொருட்படுத்தவில்லை. பெட்டி கத்திய மறுநாள் வகுப்பே தூங்கி வழிய, ஒரு பிள்ளை மட்டும் முகம் தெளிந்து கணக்கெல்லாம் செய்து முடித்திருக்கும். பெட்டி கத்தாத சம்பள நாட்களுக்கு மறுநாள் அதே பிள்ளை மேசையில் தலை வைத்துத் தூங்கும். கணக்குப் படிப்பிக்கிறவளுக்கு இந்தக் கணக்கு விளங்கவில்லை.

அடுத்த சம்பள நாள் பின்னேரம் பிள்ளைக்காம்பராவுக்குள் ஒளிந்தோம். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விடுகிற இடம் அது. அந்த நேரத்தில் ஆயா வீட்டுக்குப் போயிருப்பார், ஜன்னலால் பார்த்தால் கம்பம் நேரே தெரியும். தேயிலைச் செடிக்குப் பின்னால் ஒளியலாம் என்றுதான் நானா முதலில் சொன்னார். செடி அவர் இடுப்புவரைகூட வராது என்பதை நினைவூட்ட வேண்டியிருந்தது. உள்ளே இருந்ததெல்லாம் குழந்தைகள் உட்காருகிற நாற்காலிகள். நானா ஒன்றில் உட்கார்ந்தார், பிறகு எழும்பப் பார்த்தார், நாற்காலியும் சேர்ந்து எழும்பியது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆண்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு தவறணைப் பக்கம் இறங்கினார்கள். பெண்கள் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து பீலிக்குப் போனார்கள். ஒருத்தி மட்டும் மற்றவர்கள் போகும் வரை குடத்தைக் கழுவிக் கழுவி நின்றாள். பிறகு வந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, படி ஏறி, குடத்தைச் சரித்தாள். அவசரமே இல்லை. பிள்ளைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி அளந்து, சிவப்புக் கோட்டைப் பார்த்துப் பார்த்து ஊற்றினாள். அந்தத் தூங்காத பிள்ளையின் தாய் அவள்.

நான் வெளியே ஓடினேன். நானாவும் நாற்காலியைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தார்.

"என்ன செய்யிறே நீ? இது வெளையாட்டுச் சாமானா? நெசமா மழ வந்தா இந்தச் சனம் நம்புமா? எத்தன உயிர் போகும் தெரியுமா?" என்று கத்தினேன்.

அவள் குடத்தை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஓடவில்லை, அழவுமில்லை.

"தெரியுங்க டீச்சர்."

"தெரிஞ்சுமா?"

"சம்பளத்தன்னைக்கு அவரு குடிச்சிட்டு வருவாருங்க. அடிக்கிறது லயம் பூரா கேக்கும். எல்லாரும் ரேடியோ சத்தத்தக் கூட்டி வச்சிக்குவாங்க. ஸ்கூல்ல எல்லாரும் ஒரே எடத்துல படுக்குறோம்ல, அங்க கை ஓங்க மாட்டாருங்க. வெக்கப்படுவாரு. அன்னைக்கு மட்டுந்தான் டீச்சர் நானும் புள்ளயும் நல்லாத் தூங்குவோம்."

நானா தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். அவள் புருஷனை எங்கள் இருவருக்கும் தெரியும். கோயிலில் பஜனை பாடுகிறவன், சந்தியில் கண்டால் "வணக்கங்க டீச்சர்" என்று வழிவிடுகிறவன். தோட்டத்திலேயே நல்ல பிள்ளை என்று நானா அவனுக்குச் சான்றிதழ் வேறு கொடுத்திருந்தார்.

"எல்லாத் தடவையும் நீதானா?" என்று கேட்டேன்.

"நான் கொஞ்ச நாளாத்தாங்க" என்றாள். "மொதல்ல ஊத்துனது நான் இல்ல."

"அப்ப யாரு?"

அவள் படி ஏறி, போத்தலைக் கழற்றி, தண்ணீரை எங்கள் கண் முன்னாலேயே புல்லில் கொட்டினாள். கோட்டைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நாங்கள் குறுக்கிட்டதால் பெட்டி கத்தியிருக்கவில்லை. வெறுங்குடத்தோடு அவள் வீட்டுக்குப் போனாள். அன்று ராத்திரி அவளுக்கு என்ன நடந்திருக்கும் என்று துப்பறிய எந்த மூளையும் தேவைப்படவில்லை. மறுநாள் அவள் பிள்ளை மேசையில் தலை வைத்துத் தூங்கியது. நான் எழுப்பவில்லை.

கடையில் உட்கார்ந்து நானாவும் நானும் சண்டை போட்டோம். அவள் பெயரைச் சொன்னால் நானாவின் பெயர் வெளுக்கும். சொன்னால் கங்காணி அவளைக் கோயில் முன்னால் நிறுத்துவார், பிறகு புருஷன் வீட்டில் நிறுத்துவான். சொல்லாமல் விட்டால் அவள் ஊற்றிக்கொண்டே இருப்பாள், ஒரு நாள் நிஜமாகவே மலை இறங்கும்போது ஒருவனும் அசையமாட்டான். நான் பொலிஸுக்குப் போகலாம் என்றேன். போன வருஷம் வேறொருத்தி போனபோது, குடும்ப விஷயம், சமாதானமாகப் போங்கள் என்று ஸ்டேஷனில் புத்தி சொல்லி பஸ் ஏற்றிவிட்டதை நானா ஞாபகப்படுத்தினார்.

"என்னக் கள்ளன்டே செல்லட்டும் டீச்சர். அந்தப் புள்ளட பேர மட்டும் வெளிய விட வாணாம்" என்றார் கடைசியில். எனக்கு அவர்மேல் அன்றைக்கு வந்த மரியாதையை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்.

வழி எனக்குக் கிடைத்தது, அதுவும் கச்சேரியிலிருந்து. அதிகாரிகளுக்கு ஒரு சொல் பிடிக்கும், ஒத்திகை. நான் அதிகாரிக்கு ஃபோன் எடுத்து, அனர்த்த முன்னாயத்த ஒத்திகை நடத்தப்போகிறோம், ஒவ்வொரு சம்பள நாளும் அட்வான்ஸ் நாளும் பின்னேரம் தொடங்கி விடியும் வரை, பெண்களும் பிள்ளைகளும் மட்டும் என்றேன். ஏன் ஆண்கள் இல்லை என்று கேட்டார். ஆண்கள் ஏற்கனவே நன்றாக ஓடுவார்கள் என்றேன். மகிழ்ந்துபோனார். படம் எடுத்து அனுப்பச் சொன்னார். மழைமானியைக் கழற்றுகிற பேச்சையும் விட்டுவிட்டார்.

லயத்தில் பெண்களிடம் மட்டும் சொல்லிவிட்டேன், இனி அந்தப் போத்தலில் வானம் மட்டும்தான் தண்ணீர் ஊற்றும், உங்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்திருக்கும் என்று. யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த சம்பள நாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. நான் மண்டபத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, அவளும் பிள்ளையும், துணைக்கு இரண்டொரு பேரும் வருவார்கள் என்று எதிர்பார்த்து நின்றேன். நானா பாண் கொண்டுவந்திருந்தார். காசு வேண்டாமாம், ஒத்திகைக்கு அவருடைய பங்காம். பிறகு பாதையில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, கைப்பிள்ளையோடு இரண்டு பேர். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போன ஒருத்தி. கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத ஒருத்தி. மண்டபத்தில் பாய் விரிக்க இடம் போதாமல் வகுப்பறையையும் திறந்துவிட்டேன். என் வாய்பாட்டு அட்டைகளை நானே கழற்றி வைத்தேன்.

ஒரு குற்றவாளியைப் பிடித்துவிட்டதாக நாங்கள் நினைத்திருந்தோம். இத்தனை பேர் எங்கள் மூக்குக்கு முன்னால் பீலிக்குப் போய் வந்திருக்கிறார்கள். நானா எண்ணத் தொடங்கினார், பாதியில் நிறுத்திவிட்டுப் பாண் வெட்டப் போனார்.

கடைசியாக வந்தவர் கங்காணியின் மனைவி. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். புதுப் பாய், தலையணை. யாரையும் பார்க்காமல் சுவரோரம் போய் விரித்தார். குடத்தோடு நாங்கள் பிடித்தவள் எழுந்து தன் பிள்ளையை நகர்த்தி அவருக்கு இடம் விட்டாள். முதலில் ஊற்றியது யார் என்று அதற்குப் பிறகு நான் யாரிடமும் கேட்கவில்லை.

இருட்டு விழுகிற நேரம் கங்காணி கேட்டுக்கு வந்தார். கையில் டோர்ச். வாயில் சாராய வாடை, இருந்தாலும் தள்ளாட்டம் இல்லை.

"மழயே இல்லயே டீச்சர். எம் பொட்டியும் கத்தல. எங்க வீட்டம்மா இங்க என்ன செய்றா?"

"ஒத்திகைங்க" என்றேன்.

"வரச் சொல்லுங்க."

நானா என் பக்கத்தில் வந்து நின்றார். அந்த உடம்பு கேட்டை முழுதாக அடைத்தது. கங்காணி எங்கள் இருவரையும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"தண்ணி ஊத்துனவங்களக் கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"இன்னும் இல்லங்க" என்றேன். "நீங்க கண்டுபிடிச்சா, ஏன் ஊத்துனீங்கன்னு அவங்ககிட்டயே கேட்டு, எங்களுக்கும் வந்து சொல்லுங்க."

அவர் டோர்ச்சை மண்டபத்துக்குள் அடித்தார். வெளிச்சம் பாய்பாயாகப் போய் அவர் மனைவியிடம் நின்றது. அந்தம்மா கண்ணைச் சுருக்கவில்லை, எழும்பவில்லை, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அவருக்கு இரண்டு பக்கமும் படுத்திருந்த பெண்கள் எழும்பி உட்கார்ந்தார்கள். அதற்கு அடுத்தவர்களும் உட்கார்ந்தார்கள். எல்லாரும் அந்த வெளிச்சத்துக்கு நேரே பார்த்தார்கள்.

கங்காணி டோர்ச்சை அணைத்தார். இருட்டிலேயே இறங்கிப் போனார். நானா கேட்டைச் சாத்திக் கொக்கியைப் போட்டார்.